எல்லா போனிலும் ஒரே மாதிரி ஆடவேண்டிய தோணி

என் விக்கி ஒரே ஒரு கோப்பு. சொன்னால் யாரும் நம்புவதில்லை. விக்கி என்றதும் எங்கோ வரிசையாகக் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும், யார் யாரோ எழுதிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறார்கள். என்னுடையது நான் மட்டும் எழுதுவது. பென் டிரைவில் போட்டுக் கைப்பைக்குள் எடுத்துப் போகலாம். பிரவுசரில் திறந்தால் குறிப்புகள் சின்னச் சின்னச் சீட்டுகளாக விரியும். ஒரு சீட்டில் ஒரு சொல்லைத் தொட்டால் இன்னொரு சீட்டு திறக்கும். எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருடத்துக் கணக்கு, டியூஷன் பிள்ளைகள் கேட்டு நான் திருதிருவென்று முழித்த கேள்விகள், மீன் குழம்புக்கு அக்கா சொல்லும் புளி அளவு, எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. நெட் வேண்டாம். அதுதான் அதன் அழகு.

அதில் எனக்குப் பைத்தியம் பிடித்தது படங்களால். வரைந்து ஒட்டிய படங்கள் இல்லை, எழுதிய படங்கள். இங்கே ஒரு வட்டம், அதன் மேல் ஒரு புள்ளி, புள்ளியை இழுத்தால் தொடுகோடும் கூடவே வரட்டும் என்று நிரலாக எழுதிச் சீட்டுக்குள் வைத்துவிட்டால் போதும். பிரவுசர் அதைப் படித்து அந்த இடத்திலேயே வரைந்துவிடும். முதன்முதலில் ஒரு தொடுகோடு என் விரலுக்குப் பின்னாலேயே ஓடிவந்த அன்று நான் சாப்பிடவில்லை. அதன்பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படமாக எழுதினேன். மின்விசிறியின் சிறகு, ரவுண்டானாவில் பஸ் திரும்பும் வளைவு, உப்பளத்துக் குவியலின் சரிவு. பாதியில் விட்டவைதான் அதிகம். ஒன்றை முடிக்கும் முன் இன்னொன்று வந்து கையைப் பிடித்து இழுக்கும், நான் என்ன செய்ய.

முடித்தே தீரவேண்டும் என்று வந்த ஒன்று, அத்தானுடைய தோணி.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பழைய துறைமுகத்திலிருந்து மாலித் தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் மரத்தோணியில் பதினைந்து வருடமாகப் போகிறார். அக்காவும் அவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். அத்தான் போகும் தோணியின் தண்டல், கண் பார்வை மங்கிவிட்டது, இந்த சீசனோடு இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி அத்தானைக் கூப்பிட்டு, தண்டல் சான்றிதழ் வாங்கிவிட்டால் அந்த இடம் உனக்கு, வாங்காவிட்டால் கடலூரிலிருந்து ஆள் கொண்டுவருவேன் என்றார். சான்றிதழுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. அத்தான் ஒருமுறை போய்த் தோற்றுவிட்டு வந்திருந்தார். இன்னொரு முறைதான் முதலாளி பொறுப்பார்.

விளக்கு, காற்று, கயிறு, எதிரே கப்பல் வந்தால் யார் ஒதுங்கவேண்டும், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டார். அதிகாரி ஒரு தாளில் கப்பலைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி வரைந்து, மூன்று புள்ளி வைத்து, G, B, M என்று எழுதி, G மேலே போனால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க அத்தான்?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. மூணு புள்ளியும் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளுக்குள் குடுகுடுவென்று ஏதோ ஓட ஆரம்பித்துவிட்டது. ஏனென்றால் அந்த மூன்று புள்ளிகளைவிட அழகான கணக்கு கிடையாது. G என்பது தோணியும் சரக்குமாக மொத்தக் கனமும் கூடுகிற இடம். B, தண்ணீர் தோணியைக் கீழேயிருந்து தாங்குகிற இடம். தோணி சாயும்போது B ஒரு பக்கம் நகரும். அங்கிருந்து நேர்மேலே ஒரு கோடு போட்டால் அது தோணியின் நடுக்கோட்டை எங்கே தொடுகிறதோ அது M. G கீழே, M மேலே இருக்கிறவரை சாய்ந்த தோணி நிமிர்ந்துவிடும். G ஏறி ஏறி M-ஐத் தாண்டினால் நிமிராது.

அத்தானுக்கு இது தெரியாதா என்ன. சிமெண்டும் ஜல்லியும் தோணியின் அடியில் போகும். வெங்காயத்தை அங்கே போட்டால் காற்றில்லாமல் மாலி போவதற்குள் அழுகும். அதனால் மூட்டை மூட்டையாக மேல்தளத்தில் அடுக்கித் தார்ப்பாய் கட்டுவார்கள். ஒவ்வொரு மூட்டையும் G-ஐ ஒரு நூலளவு மேலே தூக்குகிறது. பதினைந்து வருடமாக G-ஐத் தோளில் சுமந்து ஏற்றுகிற மனிதருக்கு அதன் பெயர் மட்டும் தெரியவில்லை. பெயர்தானே, படம் போட்டால் வந்துவிடும் என்று நினைத்தேன்.

தோணி கிளம்ப ஐந்து நாள் இருந்தது. மாலி போய்த் திரும்பிய மறுவாரம் தேர்வு. நடுக்கடலில் நெட் கிடையாது. என் விக்கிக்குத்தான் நெட் வேண்டாமே.

அன்று காலையிலேயே உட்கார்ந்தேன். தோணியின் குறுக்குவெட்டு, நீர்மட்டம், மூன்று புள்ளிகள். கீழே இரண்டு இழுப்பான்கள்: ஒன்றை இழுத்தால் தோணி சாயும், இன்னொன்றை இழுத்தால் மேல்தளத்தில் வெங்காய மூட்டை கூடும். G, M-க்குக் கீழே இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. மத்தியானத்துக்குள் ஓடிவிட்டது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மூட்டையைக் கூட்டிக் கூட்டிக் காட்டினேன். ஒரு கட்டத்தில் தோணி சாய்ந்து அப்படியே புரண்டது.

"கவுந்துட்டா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா, G மேல போயிட்டுல்லா."

"ஏளா, அவரு போற தோணிய என் கண்ணு முன்னால கவுத்துக் காட்டிட்டு சிரிக்க வேற செய்யுத. கொண்டுபோ அங்கன."

கோப்பை அத்தானின் போனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"ஒரே எழுத்தா இருக்கு ளா. தோணியக் காணும்."

போன் கோப்பைச் சும்மா எட்டிப் பார்த்துக் காட்டுகிறது, பிரவுசருக்குள் போகவேயில்லை என்று புரிந்தது. எட்டிப் பார்க்கும்போது எழுத்து தெரியும், நிரல் ஓடாது. "மேல வலது பக்கம் மூணு புள்ளி இருக்கும் அத்தான். அதத் தொட்டு, பிரவுசர்ல திறங்க," என்றேன்.

"இங்கயும் மூணு புள்ளியா," என்றார். திரையைத் தட்டும் சத்தம் கேட்டது. "திறந்துட்டு. வெள்ளையா ஒரு பெட்டி இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல."

அவருடைய போன் பழசு. அதில் இருந்த பிரவுசரும் பழசு. நான் புதுசாகக் கற்ற ஒரு சுருக்கெழுத்தை நிரலில் நாலு இடத்தில் போட்டிருந்தேன், ஸ்டைலாக இருக்கட்டும் என்று. பழைய பிரவுசருக்கு அந்தக் குறி தெரியாது. ஒரு வரி புரியவில்லை என்றால் அது மொத்த நிரலையும் கீழே வைத்துவிட்டு வெள்ளைப் பெட்டியை நீட்டும். எது புரியவில்லை என்று உங்களிடம் சொல்லவும் சொல்லாது. வீட்டில் அம்மாவின் பழைய போன் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைச் சார்ஜ் போட்டு, ஒவ்வொரு வரியாக நீக்கி நீக்கிப் பார்த்து, அந்த நாலு இடத்தையும் கண்டுபிடித்து, நீட்டி முழக்கி எழுதி, மறுபடி அனுப்பினேன்.

"வந்துட்டு தோணி," என்றார் அத்தான். அந்த இரண்டு சொல்லுக்காக இன்னும் நாலாயிரம் வரி எழுதலாம் போலிருந்தது.

மறுநாள் சாயங்காலம் துறைமுக வாசலுக்கு எதிரே டீக்கடையில் அவரைப் பார்த்தேன். கூடவே அவர்கள் தோணியின் பண்டாரி இருந்தார். தோணியில் சமைப்பவருக்கு அந்தப் பெயர். சமையலைவிட வாய் அதிகம். இரண்டு பேரும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அத்தான். "ஆனா நிக்குதே."

"இழுத்தா சாயும் அத்தான்."

"நான் இழுத்தா சாயுதது சரி. கடல்ல யாரு இழுக்கா? தானா ஆடணும். ஆட்டத்தப் பாத்தாத்தான் எனக்குச் சொல்ல வரும். அடியில கனம் மட்டும் கெடந்தா வெடுக்கு வெடுக்குன்னு ஆடும், நிக்க முடியாது. மேல ஏத்த ஏத்த ஆட்டம் மெதுவாகும். சாஞ்சு, அங்கனயே நின்னு, யோசிச்சு, பெறவு திரும்பி வரும். அப்படி யோசிக்க ஆரம்பிச்சிட்டுன்னா எங்க தண்டல் ஏத்துதத நிறுத்தச் சொல்லிருவாரு."

"இவன் பெஞ்சாதியும் அப்படித்தான்," என்றார் பண்டாரி. "பட்டுன்னு திட்டுனா பயமில்ல. யோசிச்சுத் திட்டுனா ஓடிரணும்."

நான் டீயைக் குடிக்கவில்லை. யோசிக்கிற தோணி. அது ஒரு சூத்திரம், எனக்குத் தெரிந்த சூத்திரம், கல்லூரியில் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்தது. ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் G-க்கும் M-க்கும் உள்ள இடைவெளியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். இடைவெளி சுருங்கச் சுருங்க நேரம் நீளும். இடைவெளியே இல்லாமல் போனால் தோணி யோசித்துக்கொண்டே இருக்கும், திரும்பி வராது. ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பின்னத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்து பைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தோணியை ஆடவைத்தேன். திரையில் எதையும் அசையவைப்பது ரொம்ப எளிது. பிரவுசர் ஓயாமல் திரையைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை வரையும்போதும் தோணியை ஒரு துளி நகர்த்தச் சொல்லவேண்டியதுதான். எவ்வளவு துளி என்பதை என் மடிக்கணினியைப் பார்த்துப் பார்த்து, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை மாற்றி வைத்தேன். மூட்டை இல்லாதபோது வெடுக்கு வெடுக்கு. மூட்டை ஏற ஏற மெதுவாகி, ஓரத்தில் நின்று யோசித்துத் திரும்பி வந்தது. அத்தான் சொன்னபடியே. காலால் தெரிந்துகொண்ட ஒன்றை ஒரு வர்க்கமூலம் அப்படியே சொல்கிறது என்பதைப் பார்த்தபோது எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று சுற்றினேன். அனுப்பிவிட்டேன். அம்மாவின் பழைய போனில் படம் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். வந்தது. ஆடியது. எவ்வளவு வேகமாக என்று பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் முழுக்க அத்தானிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு நோட்டோடு போனார்.

"என்ன படத்த அனுப்புன அவருக்கு?" என்றாள் அக்கா. "முகமே சரியில்ல. நோட்டுல என்னமோ எழுதி எழுதிப் படிக்காரு. பரீட்சைக்குப் போவலன்னுகூட ஒரு வார்த்த வந்துச்சு வாயில."

தோணி கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அத்தான் பெஞ்சில் தனியாக இருந்தார். நோட்டைக் காட்டினார். குண்டு குண்டாக எழுதியிருந்தது: மெதுவாக ஆடினால் பத்திரம்.

"இது என்ன அத்தான்?"

"உன் படத்துல அப்படித்தான இருக்கு. மேல மூட்டையே இல்ல. G அடியில கெடக்கு. பச்சையா காட்டுது. ஆனா தோணி யோசிச்சு யோசிச்சு ஆடுது. மூட்டை ஏத்துனா இன்னும் மெதுவாவுது, அது வேற. ஆனா ஒண்ணுமே ஏத்தாமலே அப்படி ஆடுனா, அதான் நல்ல ஆட்டம்னு அர்த்தம். நான்தான் இத்தன வருசமா தப்பா நெனச்சிருக்கேன்." நோட்டை மூடினார். "கால் சொல்லுதத அங்க போய்ச் சொன்னா மறுபடியும் தோத்துருவேன். அதான் மாத்திப் படிக்கேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே ஒரு மூட்டைகூட இல்லாத தோணி, திரையில் கனவில் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. மடிக்கணினியைத் திறந்து அதே சீட்டை, அதே மூட்டை எண்ணிக்கையில், பக்கத்தில் வைத்தேன். கணினியில் தோணி மூன்று முறை ஆடி முடிக்க, போனில் ஒரு முறைதான் ஆடியது.

அந்தப் பழைய போன் திரையை மெதுவாக வரைகிறது. நான் ஒவ்வொரு வரைதலுக்கும் ஒரு துளி என்று கொடுத்திருந்தேன். வரைதல் குறைந்தால் துளியும் குறைவு. என் கணினியில் வெடுக்கென்று ஆடிய அதே தோணி, அங்கே கவிழப்போகிற தோணியாகிவிட்டது. வேறு யாருக்கு அனுப்பியிருந்தாலும், போன் ஸ்லோ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். தோணிக்காரருக்கு மட்டும்தான் மெதுவுக்கு அர்த்தம் உண்டு.

"அத்தான், உங்க கால்தான் சரி. என் படம்தான் பொய் சொல்லியிருக்கு."

அவர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏளா, படிச்ச பிள்ள போட்ட படம் தப்பா இருக்கும்னு நான் நெனைக்கலியே," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் பண்டாரி வந்து உட்கார்ந்தார். "நான் நேத்தே சொன்னேன், அந்தப் போன் தோணிய விட்டு எறங்கிருன்னு. பெரிய பாடம்னு என்னையே ஏசுதான்."

அங்கேயே பெஞ்சில் மடியில் வைத்துத் திருத்தினேன். மாற்றவேண்டியது மூன்று வரிதான். எத்தனை முறை வரைந்தாய் என்று கேட்பதற்குப் பதிலாக, மணி என்ன என்று கேட்கவேண்டும். இந்த நேரத்துக்குத் தோணி எங்கே இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு அங்கே வைக்கவேண்டும். பழைய போன் குறைவாகத்தான் வரையும், கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும். ஆனால் இருக்கவேண்டிய நேரத்தில் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். அவசரத்தில் ஒரு அரைப்புள்ளியை விட்டு, அதைத் தேட ஒரு டீ ஆறிப்போனது.

இந்த முறை நான் யாரையும் நம்பவில்லை, முக்கியமாக என்னை. அத்தானின் போனில் போட்டேன். பண்டாரியின் போனை வாங்கினேன். கண்ணாடி உடைந்து செலோடேப் ஒட்டியிருந்தது, பிரவுசர் வேறு. கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"எதுக்கும்மா, காசு ஏதும் போயிராதே?" என்றார்.

"தோணிதான் அண்ணாச்சி. வெறும் தோணி."

அவருடையது புதுசு, பெரிய திரை, அதில் மூன்றாவது வகை பிரவுசர். மூன்று போனையும் மடிக்கணினியையும் பெஞ்சில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் மூட்டை இல்லை. நாலு தோணியும் இடது பக்கம் சாய்ந்தன. நாலும் வலது பக்கம் வந்தன. எல்லாம் அந்தந்தப் போனின் கடிகாரத்தையே பார்த்து ஆடியதால், நான் ஒன்றாகத் தொடங்கிவைக்காமலேயே ஒன்றாக ஆடின. அத்தானின் போனில் மட்டும் வெட்டி வெட்டி வந்தது, ஆனாலும் பிந்தவில்லை. டீ குடிக்க வந்த இரண்டு லோடுமேன்கள் கிளாஸோடு நின்றுவிட்டார்கள். இதை எப்படிச் சொல்வது. எனக்கு எழுந்து நின்று கை தட்டவேண்டும் போலிருந்தது. லோடுமேன்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் தட்டவில்லை.

"வெடுக்கு வெடுக்குன்னுதான் ஆடுது," என்றார் அத்தான். குரல் மாறியிருந்தது. "அடியில ஜல்லி மட்டும். ம்."

அவரே மூட்டையைக் கூட்ட ஆரம்பித்தார். நான் மற்ற மூன்றிலும் அதே அளவு கூட்டினேன். ஆட்டம் நீண்டது. இன்னும் கூட்டினார். தோணிகள் ஓரத்துக்குப் போய், நின்று, வந்தன. அத்தான் இப்போது G-யையும் பார்க்கவில்லை, பச்சையையும் பார்க்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று விரலை எடுத்தார்.

"போதும். இதுக்கு மேல ஒரு மூட்ட ஏத்தப்படாது."

படம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. நான் என் கணினியில் மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். மூன்றே இழுப்பில் சிவப்பானது.

"இப்ப புள்ளியப் பாருங்க அத்தான். நீங்க நிறுத்துன எடத்துல G எங்க இருக்கு?"

குனிந்தார். G, M-ஐ ஒட்டிக் கீழே, ஒரு விரல்நகம் இடைவெளியில் நின்றது. இடைவெளியில் நகத்தை வைத்துப் பார்த்தார். "இதத்தான் கேட்டிருக்காரு அந்த ஆளு," என்றார். "நேரா கேட்டிருந்தா நேரா சொல்லியிருப்பேன்."

"அத மூடுங்கப்பா," என்றார் பண்டாரி. "பதினெட்டு வருசமா கடல்ல வராதது, இந்த பெஞ்சில எனக்கு வயித்தப் பிரட்டுது."

அத்தான் நோட்டை எடுத்து அந்த வரியை அடித்தார். ஒரு கோடு போதாதென்று குறுக்கும் நெடுக்குமாக அடித்து, அந்தப் பக்கத்தையே கிழித்து டீக்கடைக் குப்பைவாளியில் போட்டார்.

தோணி சொன்ன நாளில் கிளம்பியது. கோப்பு அவர் போனில் போனது. நான் மூன்று வாரம் பொறுமையாக இருந்ததாகச் சொல்ல ஆசைதான். இருக்கவில்லை. விக்கியில் அசைகிற படங்கள் எல்லாவற்றையும் தேடித் தேடி, துளித் துளியாக நகர்கிறவற்றைக் கடிகாரத்துக்கு மாற்றினேன். பதினோரு படங்கள் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் போன்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தேன். அக்கா ஒருநாள், அவர் வரும்வரை நீயும் ஒரு தோணியில் ஏறிப்போய்விடேன், வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள்.

தேர்வன்று அவர் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். அக்கா சமைத்தாள், துவைத்தாள், துவைத்ததையே மறுபடி அலசினாள். பன்னிரண்டரைக்கு என் போன் அடித்தது.

"கேட்டாரு," என்றார் அத்தான். பின்னால் பஸ் ஸ்டாண்டுச் சத்தம். "அதே படம். அதே மூணு புள்ளி. G மேல போனா என்ன ஆகும்னு கேட்டாரு."

"நீங்க?"

"ஆட்டம் மெதுவாகும்னேன். கவுந்துரும்னு சொல்லுவேன்னு நெனச்சிருப்பாரு போல, பேனாவ கீழ வச்சிட்டாரு. எப்படிச் சொல்லுதன்னு கேட்டாரு. M-க்கும் G-க்கும் நடுவுல எடம் கொறையும், எடம் கொறைஞ்சா திரும்பி வர நேரமாகும், எடமே இல்லன்னா வராதுன்னேன். தாள வாங்கி நானே போட்டுக் காட்டுனேன். வெங்காய மூட்டையும் போட்டேன்."

"பெறவு?"

"பெறவு என்ன, அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு."

"அத்தான், பாஸா?"

"உங்க அக்காட்ட குடு மொதல்ல."

அக்கா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டாள், கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். பிறகு, "சரி, வெயில்ல நிக்காதிய," என்று மட்டும் சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"நம்ம வீட்டுத் தண்டல் அங்கனயே சாப்பிட்டுட்டுதான் வருவாராம்," என்றாள்.